பன்னிரண்டு பத்து வண்டி

பதினோராவது அறையின் குளியல் தொட்டியில் ஒட்டியிருந்த மணலை அவள் விரல் நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தபோது மணி பதினொன்று நாற்பது. மணல்தானே, தண்ணீரோடு போய்விடும் என்று நினைப்பவர்கள் கடற்கரை விடுதியில் வேலை பார்த்ததில்லை. எண்ணெய் பூசிக்கொண்டு கடலில் இறங்கி, அப்படியே வந்து தொட்டியில் உட்கார்கிற உடம்பிலிருந்து இறங்கும் மணல் பசை மாதிரிப் பிடித்துக்கொள்ளும். தேய்க்கிற நார் அதன் மேல் வழுக்கும். நகம்தான் வழி. பத்தொன்பது வருடமாக அவளுடைய வலது கை ஆள்காட்டி விரலில் நகம் என்று ஒன்று வளர்ந்ததில்லை.

அன்று சனிக்கிழமை, ஆள் மாறும் நாள். ஒரு கூட்டம் பெட்டி கட்டிக்கொண்டு கிளம்பும். மதியத்துக்குள் இன்னொரு கூட்டம் வந்து இறங்கும். நடுவில் இருக்கிற நேரத்தில் போனவர்களின் தலைமுடி, எச்சில் தம்ளர், ஈரத் துண்டு, மெத்தையில் உடம்பு பதிந்த பள்ளம் எல்லாவற்றையும் இல்லாமல் ஆக்க வேண்டும். தங்களுக்கு முன்னால் இந்த அறையில் மனிதப் பிறவியே கால் வைக்கவில்லை என்று வருகிறவர்களுக்குத் தோன்ற வேண்டும். அதற்குத்தான் சம்பளம். விரிப்பின் நாலு மூலையையும் மடித்துச் சொருகி, தலையணையை ஒரு தட்டுத் தட்டி, கடைசியாகத் தன் கால் தடத்தைத் தானே துடைத்துக்கொண்டு பின்பக்கமாக நடந்து கதவுக்கு வந்தாள். பன்னிரண்டு பத்துக்குத் தலைநகரத்துக்குப் பேருந்து. அதைப் பிடித்தால் இரண்டேகாலுக்கு நிலையம், இரண்டரைக்கு ஆஸ்பத்திரி. மூன்று மணிக்கு அக்காவை அறுவைக்கு உள்ளே கொண்டுபோவார்கள். நடுவில் அரை மணி நேரம். அந்த அரை மணி நேரத்தில் அக்கா பேசிக் கேட்டுவிட வேண்டும். அதற்கப்புறம் அக்காவுக்குக் குரல் இருக்காது.

தொண்டையில் கட்டி. புகையிலையாலா, கத்திக் கத்தியா என்று டாக்டரிடம் கேட்டதற்கு, எதனால் என்பது இப்போது எதற்கு என்றாராம். குரல்வளையை முழுதாக எடுத்துவிட்டு, கழுத்தில் ஓட்டை போட்டு, அதன் வழியாக மூச்சு விட வைப்பார்கள். ஆள் பிழைத்துக்கொள்வாள், பேச்சு போய்விடும். எழுதிக் காட்டிக்கொள்ளலாம் என்று நர்ஸ் சமாதானம் சொன்னதற்கு அக்கா சிரித்தாளாம். அக்காவுக்கு எழுதத் தெரியாது. கையெழுத்துக் கேட்டால் ஒரு கோடு போடுவாள், அந்தக் கோடும் தடவைக்குத் தடவை வேறு மாதிரி இருக்கும்.

திங்கட்கிழமை என்றுதான் சொல்லியிருந்தார்கள். திங்கட்கிழமைக்கு விடுப்பும் எழுதிக் கொடுத்தாயிற்று. நேற்று சாயங்காலம், கடைசி வண்டி போன பிறகு, அத்தான் போன் பண்ணினார்.

"நாளைக்கே வச்சுட்டாங்கம்மா. நாளைக்குப் போட இருந்த ஆளு பயந்துபோய் ராத்திரியோட ராத்திரியா ஓடிட்டானாம். அந்த இடத்துல இவளப் போடறாங்க. மூணு மணிக்கு."

"அக்காகிட்ட குடுங்க அத்தான்."

"பேச மாட்டா. ரெண்டு நாளா யார்கிட்டயும் பேசல. என்கிட்டகூட சைகைதான். தண்ணி வேணும்னா கட்டிலத் தட்டறா. மிச்சம் இருக்கிறது கொஞ்சம்தானாம், அத உனக்குன்னு எடுத்து வச்சிருக்காளாம். போன்ல பேசறதெல்லாம் ஒரு பேச்சான்னு சொல்லிட்டுத்தான் வாய மூடினா. நேர்ல வந்துடு."

அக்காவாவது, வாயை மூடுவதாவது. செங்கல் சூளையில் இரண்டு பேரும் பாவாடை கட்டிய வயதில் கல் சுமந்தபோது, சூளைக்காரன் கல்லைக் குறைத்து எண்ணினால் பத்து வயது அக்கா போட்ட சத்தத்தில் ரோட்டில் போகிற சைக்கிள் நிற்கும். அந்தச் சத்தம்தான் பின்னால் அவளுக்குச் சோறு போட்டது. தலைநகரத்துப் பேருந்து நிலையத்தில் ஆள் கூவி ஏற்றுகிற வேலை. அத்தான் அங்கே பஞ்சர் ஒட்டுகிற கடை வைத்திருந்தார். அக்கா சாப்பாடு கொண்டுபோனவள், வண்டி காலியாக நிற்பதைப் பார்த்து வாய் சும்மா இருக்காமல் நாலு கூப்பாடு போட, பத்து நிமிடத்தில் வண்டி நிறைந்துவிட்டது. மறுநாளிலிருந்து டிரைவர்கள் விடவில்லை. "பீச்சு பீச்சு பீச்சு பீச்சே! ஏறு ஏறு ஏறு! உள்ள காலி, ஜன்னல் சீட்டு!" என்று அவள் கூவினால் கழிப்பறையில் இருக்கிறவனும் ஓடி வருவான். ஏறிய பிறகு, ஜன்னல் சீட்டு எங்கே என்று சண்டைக்கு வருகிறவனிடம், "ஜன்னல் இருக்கா இல்லையா? சீட்டு இருக்கா இல்லையா? ரெண்டையும் சேத்து வச்சா குடுப்பாங்க? நீ மாப்பிள்ளையா?" என்பாள். அவளுக்குச் சங்கு என்று பெயர் வைத்தார்கள். ஆலையில் ஊதுகிற சங்கு. காலையில் அவள் முதல் கூவலுக்கு, "சங்கு ஊதிருச்சு, வண்டிய எடுடா" என்று டீயைக் கீழே ஊற்றிவிட்டு எழுவார்கள்.

தங்கையை அக்கா கூப்பிடுவது பூனை என்று. வருவதும் தெரியாது, போவதும் தெரியாது. "நீ வீட்டுக்குள்ள வந்துட்டேன்னு தெரியறதுக்கு உன் கழுத்துல ஒரு மணி கட்டணும்டி" என்பாள்.

அன்று காலை ஏழு மணிக்கு ஒரு வண்டி இருந்தது. ஆறு மணிக்கே போய் சூப்பர்வைசரிடம் நின்றாள். விவரத்தைக் கேட்டுவிட்டு அந்தப் பெண் நிஜமாகவே வருத்தப்பட்டாள். கெட்டவள் இல்லை. "ஐயோ அக்கா, போங்க, போகாம எப்படி. இன்னைக்குப் பாத்து ரெண்டு பேரு வரல. பதினோரு ரூம் மட்டும் முடிச்சுக் குடுத்துட்டுப் போயிடுங்க. பன்னெண்டு பத்து வண்டி இருக்குல்ல?" என்றாள். முடியாது, இப்போதே போகணும் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். "சரி மேடம்" என்று வந்தது.

ஊழியர்களுக்குப் பின்வாசல். காவலாளி பையைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் வைத்தார். மாற்றுத் துணி, துண்டு, சீப்பு, போர்வை. விடுதித் துண்டா, சொந்தத் துண்டா என்று ஓரத்தைப் புரட்டிப் பார்த்தார்.

"என்னக்கா, ஒரேயடியா காலி பண்ணிட்டுப் போறாப்பல இருக்கு."

"ஆஸ்பத்திரிண்ணே. சீக்கிரம் பாருங்க."

"பாக்கறது என்ன, உங்களப் பத்தி எனக்குத் தெரியாதா? கேமரா பாக்குதே, அதுக்காகக் கிண்டறேன்" என்று சொல்லிவிட்டுப் போர்வையையும் உதறிப் பார்த்துத்தான் விட்டார்.

பின்வாசலிலிருந்து மதிலைச் சுற்றிக்கொண்டு முன்பக்க நிறுத்தத்துக்கு வர பத்து நிமிடம். ஓட்டமும் நடையுமாக வந்தாள். நிறுத்தத்தில் ஒருவரும் இல்லை. மணி பன்னிரண்டு. அப்பாடா என்று விளக்குக் கம்பத்தின் நிழலில் நின்றாள். கம்பத்தின் நிழல் ஒரு ஆள் அகலம்கூட இல்லை. உடம்பில் பாதி வெயிலில் இருந்தது. என்ன பேசுவது என்று யோசித்தாள். பயப்படாதே என்று சொல்லலாம். அக்கா பயப்படுகிற ஆளா? ஒன்றும் சொல்ல வேண்டாம், அவள் பேசட்டும், நாம் கேட்டுக்கொண்டிருந்தால் போதும். எப்போதும் அப்படித்தானே.

பன்னிரண்டு ஐந்துக்கு விடுதியின் பெரிய வாசல் திறந்து ஒரு கூட்டம் வந்தது. இருபது பேருக்கு மேல் இருக்கும். அவர்களை ஏற்றிப்போக வேண்டிய குளிர்சாதன வண்டி வழியில் படுத்துவிட்டதாம். சிரித்துக்கொண்டும் சலித்துக்கொண்டும், சக்கரம் வைத்த பெட்டிகளைத் தார் ரோட்டில் கடகடவென்று இழுத்துக்கொண்டும் வந்தார்கள். அதில் ஏழாவது அறையின் தொப்பிக்காரப் பெண் இருந்தாள். நாலு நாளாக அந்தப் பெண்ணின் தலைமுடியை வடிகாலிலிருந்து எடுத்தது இவள்தான். அந்தப் பெண் இவளை ஒரு தடவை பார்த்து, பார்வையை அப்படியே கடலுக்குக் கொண்டுபோய்விட்டாள். சீருடை இல்லாமல் யாருக்கும் இவளை அடையாளம் தெரியாது. சீருடையிலும் தெரியாது, அது வேறு.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் கற்றுக் கொடுத்த பாடம் ஒன்று உண்டு. நடைவழியில் விருந்தினர் எதிரே வந்தால் தள்ளுவண்டியைச் சுவரோரம் நிறுத்த வேண்டும். ஒரு அடி பின்னால் வைத்து முதுகு சுவரில் படுகிற மாதிரி நின்று, கை இரண்டையும் முன்னால் கோத்துக்கொள்ள வேண்டும். கண்ணைப் பார்க்கக் கூடாது, தரையையும் பார்க்கக் கூடாது. அவர்களுடைய சட்டைப் பொத்தானைப் பார்க்கலாம். கடைசி ஆள் கடந்து மூன்று எண்ணிய பிறகுதான் நகர வேண்டும். சொல்லிக் கொடுத்தவர் சிரிப்புக்காரர். "நீங்க யாரு? நாற்காலி. நாற்காலிக்கு மூச்சு வருமா? வராது. ஆனா இருக்கும்" என்பார். ஆரம்பத்தில் மறந்து மறந்து திட்டு வாங்கினாள். பிறகு மறப்பதற்கே அதில் ஒன்றும் இல்லாமல் போய்விட்டது. வீட்டில் மகன் செருப்புக் காலோடு உள்ளே வந்தால்கூடக் கதவோரம் ஒதுங்கி நின்றிருக்கிறாள்.

வண்டி சரியாகப் பன்னிரண்டு பத்துக்கு வந்தது. மீன்பிடித் துறையிலிருந்து வருகிற வண்டி, ஏற்கெனவே பாதி நிறைந்திருந்தது. கதவு நேராக அவளுக்கு முன்னால் வந்து நின்று திறந்தது. படியில் கால் வைக்க வேண்டியதுதான். கைப்பிடியைப் பிடிக்கக் கையை நீட்டவும் செய்தாள். அப்போது பக்கத்தில் பெட்டிச் சக்கரத்தின் சத்தம் கேட்டது. தொப்பிக்காரப் பெண் குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள்.

கால் தானாகப் பின்னால் போனது. ஒரே அடி. முதுகில் கம்பம் பட்டது. கைகள் முன்னால் வந்து கோத்துக்கொண்டன.

தொப்பிக்காரப் பெண் ஏறினாள். அவள் புருஷன் இரண்டு பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டு ஏறினான். அவர்களுக்குப் பின்னால் வந்தவர்கள் நடுவில் இடைவெளி விடாமல் வந்தார்கள். சட்டைப் பொத்தான்கள் ஒவ்வொன்றாகக் கடந்துபோயின. மரப் பொத்தான், சிப்பிப் பொத்தான், பொத்தானே போடாத ஒருவன். நாமும் ஏற வேண்டும் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. தலைக்குள் அது தெளிவாக ஓடிக்கொண்டுதான் இருந்தது. இந்த ஆள் ஏறட்டும், அடுத்து நாம். இவர் ஏறட்டும், அடுத்து நாம். கடைசி ஆள் ஏறினான். அவள் மூன்று எண்ணினாள்.

எண்ணி முடித்து ஓடியபோது கண்டக்டர் படியில் நின்று கையைக் குறுக்கே போட்டார்.

"அவ்வளவுதாம்மா. ஃபுல்லு."

"அண்ணே, நின்னுகிட்டே வரேண்ணே."

"நிக்கிற ஆள ஏத்தற வண்டி இல்லம்மா இது. மேல செக்கிங் நிக்கறான், என் வேலை போயிடும். பின்னாலயே ஒண்ணேகாலுக்கு வண்டி வருது."

"அக்காவுக்கு ஆபரேஷன்ணே. மூணு மணிக்கு."

கண்டக்டர் ஒரு கணம் பார்த்தார். "நீங்கதானே மொதல்ல நின்னீங்க? நான் பாத்தேனே, தூரத்துலேர்ந்து. ஏறாம என்னம்மா பண்ணிட்டிருந்தீங்க?"

அவள் கைப்பிடியை எட்டுவதற்குள் அவர் விசில் அடித்துவிட்டார். அவள் வண்டியின் பக்கவாட்டில் உள்ளங்கையால் அடித்துக்கொண்டே பத்தடி ஓடினாள். தகரம் கொதித்தது. கண்ணாடிக்கு உள்ளேயிருந்து தொப்பிக்காரப் பெண்ணின் குழந்தை, யாரோ வழியனுப்ப வந்திருக்கிறார்கள் என்று நினைத்து, இவளுக்கு டாட்டா காட்டியது.

அத்தானுக்குப் போன் பண்ணினாள். "வண்டி வரல அத்தான்" என்றாள். ஏன் அப்படிச் சொன்னாள் என்று தெரியவில்லை. நடந்ததைச் சொன்னால் யாருக்குப் புரியும்? "ஒண்ணேகால் வண்டில வரேன். டாக்டர்கிட்ட கொஞ்சம் சொல்லிப் பாருங்களேன். அரை மணி நேரம்."

"கேட்டுப் பாக்கறேன். ஆனா இவங்ககிட்ட அரை மணி நேரம் கேக்கறது ஆகாசத்துல போற பிளேன நிறுத்தச் சொல்ற மாதிரி. நீ வாம்மா."

ஒண்ணேகால் வண்டி ஒன்று முப்பத்தைந்துக்கு வந்தது. ஊர் ஊராக நின்று போகிற வண்டி. மீன் கூடைகள், உர மூட்டைகள், அரை நாள் பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள். உட்கார இடமில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்குகிறவர்கள் மெதுவாக, ஏதோ உலகத்தில் நேரத்துக்குப் பஞ்சமே இல்லை என்கிற மாதிரி இறங்கினார்கள். ஒரு கிழவர் படியில் நின்றுகொண்டே கண்டக்டரிடம் தன் மருமகன் எப்படிப்பட்டவன் என்று சொல்லி முடித்துவிட்டுத்தான் தரையில் கால் வைத்தார். வேறு நாளாக இருந்தால் அவளுக்குச் சிரிப்பு வந்திருக்கும். அன்றைக்கு அந்தக் கிழவரை முதுகில் கை வைத்துத் தள்ளிவிடலாமா என்று தோன்றியது. தோன்றியதோடு சரி.

அக்கா இந்த ரோட்டில் ஒரே ஒரு தடவைதான் வந்திருக்கிறாள். இருபத்தோரு வருடம் பீச்சு பீச்சு என்று கூவியவள், தங்கை வேலை பார்க்கிற இடத்தைப் பார்க்க ஒரு நாள் வந்தாள். ஊழியர்களின் உறவினர் உள்ளே வரக் கூடாது. வேலிக்கு வெளியே மணலில் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். அக்கா கடலைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இதுக்காடி இத்தன பேர ஏத்தி விட்டேன்? தண்ணி வருது, போகுது. வேற ஒண்ணையும் காணோமே" என்றாள்.

தலைநகரத்துக்கு முன்னால் ஒரு பெரிய பாலம். அதன் அடியில் வண்டி நின்றுவிட்டது. முன்னால் கண்ணுக்கெட்டிய தூரம் லாரிகளின் பின்பக்கங்கள். டிரைவர் என்ஜினை அணைத்துவிட்டு வெற்றிலை போட ஆரம்பித்தார். என்ஜினை அணைத்தாரென்றால் கதை முடிந்தது. மணி இரண்டு நாற்பத்தெட்டு. இறங்கி நடந்தால் என்ன என்று பக்கத்தில் நின்ற மீன்காரப் பெண்ணிடம் கேட்டாள். "நடந்தாலும் அதே நேரம்தான். பொணமாப் போய்ச் சேருவ. நில்லு" என்றாள் அவள்.

அப்போது போன் அடித்தது. அத்தானின் நம்பர். எடுத்தால் அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. ஈரச் சாக்கைத் தரையில் இழுக்கிற மாதிரி ஒரு மூச்சு.

"பூனை."

"அக்கா!"

வண்டியில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். அவள் அவ்வளவு சத்தமாக எதையும் சொன்னதில்லை.

"எங்கடி வந்திருக்கே?"

"பாலத்துக்கிட்ட அக்கா. வந்துட்டேன். இதோ வந்துட்டேன்."

"பாலமா? சரிதான். இந்த நேரத்துக்குப் பாலத்துல எறும்பு நகராது." குரல் முக்கால்வாசி காற்றாக இருந்தது. நடுநடுவே ஒரு எழுத்து மட்டும் பழைய சங்கின் கனத்தோடு வந்து விழுந்தது. "பன்னெண்டு பத்து வண்டி என்னாச்சு?"

"வரலக்கா."

"பொய் சொல்லாத. அது நேரத்துக்கு வந்து நின்னாச்சு. உங்க அத்தான் ஸ்டாண்டுக்குப் போன் போட்டுக் கேட்டுட்டாரு." மூச்சு வாங்கினாள். "ஒதுங்கி நின்னியா?"

அவள் போனை மறுகாதுக்கு மாற்றினாள்.

"எல்லாருக்கும் வழி விட்டியா?"

"ம்."

அக்கா சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் விசிலாகி, அத்தான் "போதும் போதும்" என்பது கேட்டது. "அட கழுத" என்றாள் அக்கா. "இந்த வாயால ஊரையே ஏத்தி விட்டேன். கூடப் பொறந்தவள ஒரு வண்டில ஏத்த முடியலையே."

"அக்கா, நீ பேசு. நான் கேக்கறேன். நீ பேசிட்டே இரு."

பின்னால் இருந்த லாரிக்காரன் ஹாரனில் கையை வைத்தவன் எடுக்கவில்லை. ஒரு காதைப் பொத்திக்கொண்டு, மறுகாதில் போனை அழுத்திக்கொண்டு குனிந்தாள். மீன்காரப் பெண் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி லாரிக்காரனை ஒரு வார்த்தை சொன்னாள். அச்சில் ஏறாத வார்த்தை. ஹாரன் நின்றது.

"...நெறைய வச்சிருந்தேண்டி. ரெண்டு நாளா படுத்துகிட்டு, இதச் சொல்லணும், அதச் சொல்லணும்னு ஒண்ணொண்ணா அடுக்கி வச்சிருந்தேன். இப்ப ஒரு எழவும் ஞாபகம் வரல." மறுபடியும் மூச்சு. "உக்கார எடம் கெடச்சுதா?"

"கெடச்சுதுக்கா" என்றாள், கம்பியைப் பிடித்து நின்றபடி.

"சாப்டியா?"

"ம்."

"ரெண்டும் பொய்." அந்த ஈரச் சாக்கு மூச்சு மறுபடியும் இழுபட்டது. "படிக்கிட்ட நிக்காத. வண்டி நின்னப்புறம் எறங்கு. அவசரப்பட்டு விழுந்து தொலைக்காத, ஒரே வீட்டுல ரெண்டு பேரப் பாத்துக்க உங்க அத்தானால ஆகாது."

யாரோ ஒரு பெண் குரல், போதும்மா, போனைக் கொடுங்க என்றது. "இரும்மா, என் தங்கச்சி" என்றாள் அக்கா அந்தக் குரலிடம். பிறகு போன் கை மாறுகிற சரசரப்பு. பிறகு ஒன்றும் இல்லை.

திரும்ப அடித்தாள். நாலாவது தடவை அத்தான் எடுத்தார். "உள்ள கொண்டு போயிட்டாங்கம்மா" என்றார்.

மீன்காரப் பெண் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பள்ளிக்கூடப் பிள்ளையை, "ஏந்திரி, ஏந்திரி, இத்துணூண்டு உடம்புக்கு எதுக்கு இவ்வளவு எடம்" என்று எழுப்பிவிட்டு இவளைத் தோளைப் பிடித்து உட்கார வைத்தாள். ஜன்னல் சீட்டு. வண்டி மூன்று பத்துக்கு நகர்ந்தது.

நிலையத்தில் இறங்கும்போது கிட்டத்தட்ட நாலு மணி. பீச்சுக்குப் போகிற வண்டி அதன் இடத்தில் நின்றிருந்தது. அதன் பக்கத்தில் ஒரு புது ஆள், கழுத்தில் துண்டு போட்ட இளவட்டம், மணி அடிக்கிற மாதிரி ஒரே தாளத்தில் கூவிக்கொண்டிருந்தான். யாரும் திரும்பிப் பார்த்ததாகத் தெரியவில்லை. வண்டியில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். அவள் நிற்காமல் நடந்தாள்.

ஆஸ்பத்திரியில் லிஃப்டுக்கு முன்னால் பெரிய கூட்டம். சக்கர நாற்காலி, சாப்பாட்டுக் கூடை, குளுக்கோஸ் பாட்டிலைத் தூக்கிப் பிடித்த ஒரு ஆள். கதவு திறந்ததும் அவள் முழங்கையால் இடித்துக்கொண்டு உள்ளே போனாள். யாருடைய காலையோ மிதித்தாள். "எம்மா, கண்ணு தெரியல? எல்லாரும் மனுசங்கதானே?" என்று ஒருவர் கத்தினார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இப்போது எதற்கு இந்த அவசரம் என்று அவளுக்கே தெரியவில்லை. மூன்றாவது மாடி வரைக்கும் மூலையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள்.

அத்தான் அறுவைக்கூடத்தின் கதவுக்கு எதிரே, சுவரை ஒட்டிப் போட்டிருந்த இரும்பு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மடியில் அக்காவின் செருப்பு. கீழே வைத்தால் கூட்டுகிறவர்கள் தள்ளிவிடுகிறார்களாம். இவளைப் பார்த்ததும் நகர்ந்து இடம் கொடுத்தார். பஞ்சர் பசை காய்ந்த விரல்களால் செருப்பின் வாரை நீவிக்கொண்டே இருந்தார்.

"எதாவது சொன்னாளா அத்தான்? போன வச்சதுக்கப்புறம்?"

"சொன்னா." அவர் கதவைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "தள்ளிட்டுப் போனான்ல, அந்தப் பையன் கட்டிலக் கொண்டுபோய் கதவுல இடிச்சுட்டான். 'பாத்துத் தள்ளுடா, சிமெண்ட் மூட்டையா இது'ன்னா. நல்லா, கணீர்னு. எங்கேர்ந்துதான் வந்துச்சோ, நர்ஸெல்லாம் பயந்துட்டாங்க. கதவு மூடிடுச்சு."

"அதுதானா?"

"அதுதான்."

இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தார்கள். அடக்க அடக்க அது வேறு ஒன்றாக மாறியது. அத்தான் செருப்பை முகத்தில் வைத்துக்கொண்டார். எதிரே உட்கார்ந்திருந்த யாரோ தங்கள் தண்ணீர் பாட்டிலை இவள் பக்கம் நகர்த்தி வைத்தார்கள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு, ஒருவர் மட்டும் வரலாம் என்றார்கள். "நீ போ" என்றார் அத்தான். "வெளிய வந்ததும் ஒரு கண்ணு பாத்தேன், எனக்குப் போதும். உனக்குத்தானே காத்துகிட்டிருந்தா."

நீளமான கூடத்தில் ஏழெட்டுக் கட்டில். நடுவழியில் நர்ஸ்கள் தள்ளுவண்டியோடு வந்தார்கள். அவள் நடுவிலேயே நடந்தாள், அவர்கள்தான் வண்டியை ஓரமாகத் திருப்பிக்கொண்டு போனார்கள். அக்கா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகம் வீங்கி, மூக்கில் குழாய் சொருகி, யாரோ ஒருத்தி மாதிரி இருந்தாள். கழுத்தில், இரண்டு எலும்புக்கு நடுவே, ஒரு ஓட்டை. அதன் மேல் கைக்குட்டையில் பாதி அளவுக்கு மெல்லிய வலைத் துணி ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள்.

இவளைப் பார்த்ததும் அக்காவின் கண் விரிந்தது. வாய் திறந்தது. உதடுகள் ஓட ஆரம்பித்தன.

"மெதுவாக்கா. புரியல."

அக்கா கட்டிலை ஒரு அடி அடித்தாள். மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தாள், முன்னைவிட வேகமாக. புருவம் ஏறியது, இறங்கியது. ஒரு விரல் இவளைச் சுட்டியது, ஜன்னலைச் சுட்டியது, யாரையோ வேண்டாம் என்று தள்ளியது. திட்டுகிறாளா, கதை சொல்கிறாளா, அடுக்கி வைத்ததெல்லாம் ஞாபகம் வந்துவிட்டதா, தெரியவில்லை. பக்கத்துக் கட்டில்காரி ஒருக்களித்துப் படுத்து வேடிக்கை பார்த்தாள்.

"ம்" என்றாள் தங்கை.

உதடுகள் ஓடின.

"ம். ஆமாக்கா. ம்."

கட்டிலின் இரும்புச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். முகத்தை அக்காவின் முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனாள், இன்னும் கிட்டே, காது அந்தக் கழுத்துக்கு அருகில் வருகிற வரைக்கும். வலைத் துணி எழும்பியது, ஒட்டியது, எழும்பியது. ஒவ்வொரு தடவையும் அதற்கு அடியிலிருந்து காற்று வந்து அவள் கன்னத்தில் பட்டது, சூடாக, ஈரமாக, நிற்காமல்.